பதினோரு மணி வெயில்

பிப்ரவரி 9, வியாழன்

இந்த நோட்டை வாங்கச் சொன்னது தோணி ஆபீஸ் கிளார்க். “போன் வந்தா தேதி, நேரம், யாரு பேசுனா, என்ன சொன்னா, எல்லாத்தையும் எழுதி வைங்கம்மா. நாளைக்கு எவனாவது கேப்பான்” என்றார். அவர் சொன்னபடி தொடங்குகிறேன்.

தோணி ஜனவரி 31ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் கிளம்பியது. வெங்காயமும் ஜல்லியும் ஏற்றியிருந்தார்கள். எட்டுப் பேர். தோணியை நடத்துகிற தண்டல் என் வீட்டுக்காரர் கிளமென்ட். 3ஆம் தேதி மாலை காற்று பலமாக இருப்பதாக வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இன்று போன் எதுவும் வரவில்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

போன் இல்லை.

வீட்டில் உட்கார இடமில்லை. மாமியாரைக் கட்டிக்கொண்டு அழ உவரியிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஆபீசில் நேரில் போய் விசாரித்து வருகிறேன் என்றேன். யாரும் தடுக்கவில்லை.

ஆபீசில் வேலை பத்து நிமிடம்தான். தகவல் இல்லை என்று சொல்ல அதற்கு மேல் ஆகாது. வெளியே வந்து மணி பார்த்தேன், பதினொன்று. ரோட்டில் நல்ல வெயில். பதினாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கோவில், ரேஷன் கடை, வீடு. இது தவிர எந்தத் தெருவிலும் தனியாக நின்றதில்லை. அப்படித்தான் பழக்கம். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

எதிரே பேக்கரி. மக்ரூன் கொடுங்கள் என்றேன். எங்கள் வீட்டில் மக்ரூன் பெட்டி பெட்டியாக வரும், மாலத்தீவில் அவருடைய கூட்டாளிகளுக்குப் போகும். பெட்டியைக் கட்டிக் கொடுப்பேன், தின்றதில்லை. ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். கடிக்கவே வேண்டாம், அதுவே கரைந்து முந்திரி வாசனையாகி விட்டது. கடை ஓரமாக நின்று ஆறு தின்றேன். கடல் மேல் போனவருக்கு என்ன ஆயிற்றென்று தெரியாத நேரத்தில் ஒரு பொம்பளை ஆறு மக்ரூன் தின்கிறாள். எழுதும்போதே கூசுகிறது. ஆனால் ஆறுதான், எண்ணித்தான் தின்றேன்.

பிப்ரவரி 11, சனி

போன் இல்லை.

மாமியார் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. ஆம்பளை தோணி ஏறுகிற அன்று பெண்டாட்டி மாதா கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அவர் திரும்பும்வரை சனிக்கிழமைதோறும் ஒன்று. மற்றவர்கள் ஏற்றினால் செல்லாது. பெண்டாட்டி கைதான். பக்கத்து வீட்டு பிரிஜித்துக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தது மாமியார்தான். பிரிஜித்தின் புருசன் டெல்லஸ் அதே தோணியில் சமையல்காரர். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் சனிக்கிழமை மட்டுமல்ல, தினம் ஏற்றுகிறாள்.

நானும் கோவிலுக்குப் போனேன். வந்தேன்.

பிப்ரவரி 13, திங்கள்

போன் இல்லை. ஆபீசில் தகவல் இல்லை.

சந்தை பக்கம் ஒரு கடையில் பன்னீர் சோடா குடித்தேன். மூக்கில் ஏறுகிற காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி குடித்திருப்பேன். பின்னால் ஒருவர் செருமினார். இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை பெரிதாக.

பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு அப்படியே எழுந்து நின்றேன். முக்காட்டை இழுத்து விட்டேன். திரும்பிப் பார்த்தால் யாரோ ஒரு மனுசர், கையில் மஞ்சள் பை. “சோடாவ வச்சுட்டுப் போறிய” என்றார் கடைக்காரர். குடிக்காமல் வந்துவிட்டேன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தச் செருமல்தான் மணி. அது தெருமுனையில் கேட்டவுடன் ஜன்னலைச் சாத்துவேன், டிவியை நிறுத்துவேன், முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

தகவல் இல்லை. வறுத்த வேர்க்கடலை, சூடாக.

பிப்ரவரி 16, வியாழன்

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். “எங்கம்மா போணும்?” என்று கண்டக்டர் கேட்டார். “கடேசி ஸ்டாப்பு” என்றேன். அது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை.

இடது பக்க ஜன்னல்தான் எனக்குச் சரி. இடது காதில் இரண்டு வருடமாகச் சரியாகக் கேட்பதில்லை. யாராவது பேசினால் வலது பக்கம் இருக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின நாள் அலமாரிக் கதவு இடித்தது. அப்படித்தான் ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

ஊர் முடிந்ததும் உப்பளம். குவித்துக் குவித்து வைத்த உப்பு வெயிலில் மின்னிக் கண்ணைக் கூச வைத்தது. ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. காற்று முடியைக் கலைத்துப் போட்டது. நான் சரி செய்யவில்லை. சந்தோசமாக இருந்தது. வேறு சொல் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஒரு ஸ்டாப்பில் நீலக் கட்டம் போட்ட சட்டை, அகலமான முதுகு. பஸ் நகர்ந்து முகம் தெரிகிறவரை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லை. அவராக இருக்க முடியாது என்றும் எனக்குத் தெரியும். அவர் கடலில் இருக்கிறார், கடலுக்கு மேலேயோ கீழேயோ. ஆனால் ஊரில் எல்லாத் தெருவிலும் எனக்கு முன்னால் போய் நிற்கிறார். இருட்டில்கூட இந்தப் பயம் இல்லை. பட்டப்பகலில்தான்.

பிப்ரவரி 18, சனி

கோவிலுக்குப் போனேன்.

பிப்ரவரி 20, திங்கள்

தெருவில் எனக்கு நல்ல பேர் வந்துவிட்டது. “பொண்டாட்டின்னா அவதான். வேகாத வெயில்ல தெனம் நடந்து போயி விசாரிக்கா” என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொள்கிறார்களாம். பிரிஜித் சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கையில் அன்று வாங்கிக் குடித்த பருத்திப்பால் வாசனை அடித்திருக்கும். அவள் கவனிக்கவில்லை.

இந்த நோட்டை இனி ஆபீசில் காட்ட முடியாது. போன் தகவல் எழுத வேறு நோட்டு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 22, புதன்

இன்று சாம்பல் புதன். தவக்காலம் தொடங்குகிறது. ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசினார். பிரிஜித் மீன், கறி, தேநீர், தலைக்குப் பூ எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். “நீங்க எத விடப் போறீங்க அக்கா?” என்று கேட்டாள். நான் பதினாறு வருடமாகத் தவக்காலத்தில்தான் இருந்தேன். இப்போதுதான் ஈஸ்டர்.

எழுதிவிட்டேன். அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

சாம்பலோடு போய் மக்ரூன் தின்றேன். பேக்கரிக்காரர் என் நெற்றியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நிறுத்துக் கொடுத்தார். இரண்டாவதைத் தின்னும்போது பின்னால் செருமல். இந்தத் தடவை நான் தின்பதை நிறுத்தவில்லை. திரும்பினேன், ஆனால் வாயில் மக்ரூனோடு திரும்பினேன்.

பிப்ரவரி 25, சனி

மாமியார் செலின் அம்மாள் அதிகம் பேச மாட்டார். மகன் காணாமல் போனதிலிருந்து அதுவும் இல்லை. இன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏட்டி, ஃபாதர்ட்ட போயி சொல்லு. கிளமென்டுக்குப் பூச வைக்கணும்.”

“என்ன பூச மாமி?”

“செத்தவங்களுக்கு வைக்கிற பூச.”

நாத்தனார் ஐரின் மைனி எழுந்து கத்தினார். “ஒனக்கு புத்தி கெட்டுப் போச்சா? எட்டு வீட்டுலயும் காத்துக்கிட்டு கெடக்காவ. பெத்தவ நீ மொதல்ல குழி தோண்டுதியா?”

மாமியார் தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டார்.

எனக்கும் புரியவில்லை. பெற்ற ஒரே மகனை இருபத்தைந்து நாளில் எந்தத் தாய் கைகழுவுவாள்? நான் கைகழுவியதற்குக் காரணம் இருக்கிறது. இவருக்கு என்ன?

பிப்ரவரி 28, செவ்வாய்

ஃபாதர் பூசை வைக்க மறுத்துவிட்டார். நிச்சயம் தெரியாமல் வைக்கக் கூடாதாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. செலின் அம்மாளைப் பற்றித் தெருவில் இல்லாத பேச்சு இல்லை.

பிரிஜித் கோபமாக வந்தாள். “மாமி இப்படிச் செய்யலாமா அக்கா? நாம ரெண்டு பேரும் எப்படி ஏத்திக்கிட்டு இருக்கோம். ஒங்க மெழுகுவர்த்தியும் என் மெழுகுவர்த்தியும்தான் அந்தத் தோணிய புடிச்சு நிறுத்தி வச்சிருக்கு.”

அவள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இது என்னைத் தின்றுவிடும்.

நான் ஏற்றவில்லை. தோணி கிளம்பிய அன்று மெழுகுவர்த்தி வாங்கினேன், மாதா முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் எரிகிறதில் திரியைக் காட்டினால் போதும். முந்தின நாள் அவர் முறுக்கிய மணிக்கட்டு வீங்கியிருந்தது. கையைத் தூக்க முடியவில்லை என்று பொய் சொல்லலாம். தூக்க முடிந்தது. நான் தூக்கவில்லை. மெழுகுவர்த்தியை முந்தானையில் முடிந்துகொண்டு, “அம்மா, இந்தத் தடவை அவர் வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் ஏற்றவில்லை. போய் நின்றுவிட்டு வருவேன்.

ஒருவர் வரக்கூடாதென்று கேட்டேன். தோணியில் எட்டுப் பேர் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. டெல்லஸ் கிளம்புகிற அன்றுகூட எங்கள் வீட்டுக்கு வந்து, “போயிட்டு வாரேன் அக்கா, கருவாடு கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 3, வெள்ளி

காலை 10.20. கிளார்க் பேசினார். மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

தோணி மூழ்கியதும் சின்ன வள்ளத்தில் ஏறிக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். மழைத் தண்ணீரும் மிதந்து வந்த வெங்காயமும்தான் சாப்பாடு. ஒன்பதாம் நாள் ஏதோ சரக்குக் கப்பல் எடுத்து, ஆப்பிரிக்கா பக்கம் ஒரு துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. கையில் ஒரு காகிதம்கூட இல்லாததால் இத்தனை நாள். பேர் நாளைக்குத்தான் தெரியும்.

தெருவே கோவிலுக்கு ஓடியது. நானும் மாமியாரும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவர் அரிசி புடைத்தார். நான் ஏற்கெனவே துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இன்று வெளியே போகவில்லை.

மார்ச் 4, சனி

காலை 9.45. பேர் வந்தது. முதல் பேர் அவருடையது.

டெல்லஸ் பேர் இல்லை.

பிரிஜித் அழுத சத்தம் எனக்கு அந்த இடது காதிலும் கேட்டது.

மார்ச் 5, ஞாயிறு

பகல் 12.10க்கு அவரிடமிருந்து போன். நேரம் சரியாகக் குறித்திருக்கிறேன்.

கூடத்தில் முப்பது பேர் இருப்பார்கள். பிரிஜித்தையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள், டெல்லஸைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று. ஐரின் மைனி போனை ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

“ஜெசி, கேக்குதா?” குரல் நைந்து போயிருந்தது.

“கேக்குது.”

“நீ ஏத்துன மெழுகுவர்த்திதாம்ட்டி என்னயக் காப்பாத்துச்சு. கண்ண மூடுனா அந்த வெளிச்சந்தான். ஒருத்தன் ஒருத்தனா போனான். எனக்கு ஒண்ணும் ஆவாது, என் பொண்டாட்டி ஏத்தியிருக்கான்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன்.”

அவர் அழுதார். கூடமே அழுதது. “மாதாவே” என்று ஐரின் மைனி மார்பில் கை வைத்துக்கொண்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் அதற்குத்தான் என் வாயைப் பார்த்தார்கள். பிரிஜித்தும் பார்த்தாள். அவள் கைவிரலில் மெழுகு சுட்ட தழும்பு இருந்தது.

“நான் ஏத்தல” என்றேன்.

“என்னது?”

“நீங்க போன அன்னைக்கும் ஏத்தல. எந்தச் சனிக்கெழமயும் ஏத்தல. நீங்க வர வேண்டாம்னுதான் கேட்டேன்.”

போனில் அவர் செருமினார். இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை பெரிதாக.

“வந்து பேசிக்கிடுதேன். ஒன்ன வச்சிக்கிடுதேன்ட்டி.”

அழுத குரல் போயே போய்விட்டது. இந்தக் குரல் இதுவரை எனக்கு மட்டும்தான் தெரியும். இன்று முப்பது பேர் கேட்டார்கள்.

மாமியார் எழுந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார். “லே கிளமென்டு, ஆத்தா பேசுதேன். நல்லாயிருக்கியாலே?” என்று கேட்டார். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். மாமியார் கேட்கவில்லை. “வீடு என் பேர்ல இருக்கு. நீ வந்தா ஐரின் வீட்டுல இருந்துக்கோ. இங்க வராத.” அத்தோடு போனை அணைத்துவிட்டார்.

எல்லோரும் போனபிறகு மாமியார் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் போனேன். “தொடாதட்டி” என்றார். “எனக்கு எம்புள்ள உசுரோட வேணும். ஆனா இந்த வீட்டுல அவன் வேண்டாம். இத நான் எந்த மாதாட்ட போயி கேப்பேன்? செத்தான்னு பூச வச்சிட்டா ஒரே அழுகையா அழுது முடிச்சிருவேன்னு நெனச்சேன்.”

“ஒங்களுக்குத் தெரியுமா மாமி?”

“அடுக்களைச் சொவரு என்ன கருங்கல்லா? பதினாறு வருசமும் கேட்டுக்கிட்டுதான் கெடந்தேன்.”

எனக்கு நன்றியாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. பதினாறு வருடமும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்.

மார்ச் 7, செவ்வாய்

பிழைத்தவர்கள் போனில் சொன்னதை வைத்து டெல்லஸுக்குப் பூசை வைத்தார்கள். பெட்டி இல்லை, போட்டோ மட்டும். பிரிஜித் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். “நான் தெனம் ஏத்துனேன், அவரு வரல. நீங்க ஏத்தவே இல்ல, ஒங்க ஆளு வந்துட்டாரு. அப்ப மாதா என்னத்த பாத்தா அக்கா?”

கேட்டுவிட்டு அவள் நிற்கவில்லை. இனி என்னோடு பேசுவாள் என்று தோன்றவில்லை.

மார்ச் 10, வெள்ளி

வெளியே போகவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 14, செவ்வாய்

அவர் வந்துவிட்டார். விமானத்தில் மதுரை வந்து, அங்கிருந்து கார். நேராக ஐரின் மைனி வீட்டுக்குப் போனதாக மாமியார் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. மாமியார் அயிலை மீன் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். “எலும்பா இருக்கான்” என்றார்.

இத்தனை நாள் ஊரில் இல்லாத ஆளுக்குப் பயந்தேன். இப்போது நிஜமாகவே இருக்கிறார். கதவுக்குப் பின்னால் பதினோரு மணிக்கு நான்கு தடவை செருப்பை மாட்டினேன், நான்கு தடவையும் கழற்றினேன்.

மார்ச் 17, வெள்ளி

இன்று போனேன். போகாவிட்டால் இனி ஒருநாளும் போக மாட்டேன் என்று தோன்றியது.

பீச் ரோட்டில் வேப்பமரத்து நிழலில் ஒரு அம்மா நுங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடத்தில் முதல் நுங்கு. “பிஞ்சு, தோலோட தின்னலாம்” என்றாள். பனை ஓலையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். ஆறு சுளை. வாயில் வைத்ததும் குளிர்ந்த தண்ணீர் உடைந்து தொண்டைக்குள் போனது. மூன்றாவதை எடுக்கும்போது எதிரே ரோட்டைக் கடந்து அவர் வந்தார்.

ஐரின் மைனி புருசனுடைய சட்டை. தோளிலிருந்து தொங்கியது. முகம் கருத்து உரிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு கம்பு. இந்த ஒன்றரை மாதமாக எனக்கு முன்னால் தெருத்தெருவாக வந்து நின்ற ஆள் இதைவிடப் பெரியவர்.

என் முன்னால் வந்து நின்றார். செருமினார். என் உடம்பு எழுந்து நிற்கப் பார்த்தது. கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

“வீட்டுக்கு வா” என்றார்.

“ரெண்டு பேருக்கும் தனி வீடு பாத்திருக்கேன். எந்திரி” என்றார் மறுபடி.

“ஒங்களுக்கு வெட்டவா அண்ணாச்சி?” என்று கேட்டாள் நுங்கு விற்கிற அம்மா. அவர் காதில் விழவில்லை. அவர் என்னையே பார்த்தார்.

“நான் வரல” என்றேன். “இன்னும் மூணு சுளை இருக்கு.”

நாலாவதை எடுத்தேன். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. துடைக்கவில்லை. அவர் கம்பைத் தரையில் ஒரு தடவை ஊன்றினார். நுங்கு வெட்டுகிற சத்தம் நின்றது. அந்த அம்மா அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் யாரையும் பார்க்கவில்லை. ஓலையைப் பார்த்தேன். ஐந்தாவதை எடுத்தேன். மெதுவாகத் தின்றேன். ஆறாவதையும் அப்படியே.

அவர் எப்போது போனார் என்று தெரியாது. நிமிர்ந்தபோது ரோட்டில் வெயில் மட்டும்தான் இருந்தது. நாளைக்கும் வருவார் என்று தெரியும். கையை நீட்டி, “இன்னொரு காய் வெட்டுங்கம்மா” என்றேன்.